சோப்பு சிஸ்டரின் குடித்தனக்காரர்கள்

என் அக்கா ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். டாக்டர் கையை நீட்டுவதற்குள் கத்தியோ கத்தரியோ அந்தக் கையில் இருக்கும். கெட்டிக்காரி. ஆனால் சுத்தப் பைத்தியம். மருத்துவமனையில் அவளுக்குப் பெயரே சோப்பு சிஸ்டர்தான். தியேட்டரில் கை கழுவுவது தொழில், ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து கதவைத் தொட்டதற்கு ஒரு தடவை, சாவியை மாட்டியதற்கு ஒரு தடவை, குழாயை மூடியதற்கு இன்னொரு தடவை என்று தேய்த்தால்? அது தோலா, தரையா?

விரலிடுக்கில் வெடிப்பு வந்தது. அப்புறம் அரிப்பு, நீர்க்கசிவு. கழுவியது போதவில்லை என்று முடிவுகட்டி, அம்மணி பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள். தலைமை நர்ஸ் கண்ணில் அது பட்டுவிட்டது.

"இந்தக் கையோட தியேட்டருக்குள்ள வராதே. அந்தப் புண்ணுல இருக்கிறது நோயாளிக்குத் தொத்திக்கிட்டா யாரு பதில் சொல்றது? ஆறலைன்னா உன்னை வேற எங்கயாவது மாத்திடுவேன்."

தியேட்டர்தான் அக்காவுக்கு உயிர். ஆடிப்போய்விட்டாள்.

தோல் டாக்டர் அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சுத்தம்!" என்றாராம். பஞ்சுக்குச்சியால் புண்ணைத் தொட்டெடுத்துப் பரிசோதனைக்கும் அனுப்பினாராம். அக்கா பூரித்துப்போய் வீடு வந்தாள்.

"டேய், டாக்டரே சொல்லிட்டார்டா, சுத்தம்னு!"

"அக்கா, நான் கணக்குல முட்டை வாங்கினப்போ அப்பாவும் அதையேதான் சொன்னார்."

மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனவள் நேராகக் குழாயடிக்குத்தான் போனாள்.

பரிசோதனை முடிவு வந்ததும் நானும் துணைக்குப் போனேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "சிஸ்டர், நம்ம தோல் மேல கோடிக்கணக்குல கிருமிங்க குடியிருக்கு. முக்கால்வாசி நல்லதுங்க. சிலது தோலோட எண்ணெய்ப்பசையைத் தின்னுட்டு, கெட்டதுக்குப் பிடிக்காத புளிப்பைக் கொடுக்கும். சிலது கெட்டதைக் கொல்ற சரக்கையே சுரக்கும். நீங்க தேய்ச்ச தேய்ப்புல எண்ணெய்ப்பசை போச்சு, தோல் வெடிச்சுது, நல்லதுங்க நொடிச்சுப்போச்சு. வீடு காலியா கெடக்குன்னு ஒரு ரவுடி வந்து உட்கார்ந்துட்டான்."

"அவனையும் தேய்ச்சு விரட்டிடறேன் டாக்டர்!"

"தாயே, வேண்டாம்!" என்று அந்த மனுஷர் கையெடுத்துக் கும்பிட்டார்.

களிம்பு, தியேட்டருக்கு லீவு, தேவையில்லாமல் சோப்பைத் தொடக்கூடாது. அக்கா குடியை விட்டவனைப் போல வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குளியலறை வாசலில் நாற்காலி போட்டு அத்தான் காவல் இருந்தார். அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். அத்தான் அசையவில்லை.

வெடிப்பு மூடியது. மறுபடி பரிசோதித்த டாக்டர், "ரவுடி காலி. பழைய ஆளுங்க நல்லா வளர்ந்திருக்காங்க" என்றார்.

அக்கா வெளிறிப்போனாள். "வளர்ந்திருக்கா?"

"வளரணும்மா. அதான் ஆரோக்கியம். நாளையிலேருந்து தியேட்டருக்குப் போங்க. அங்க முறைப்படி கழுவுங்க, வீட்டுல மனுஷங்க மாதிரி கழுவுங்க."

வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "அந்த வேலை போயிருந்தா நான் எதுக்குடா லாயக்கு?" அவள் இவ்வளவு பயந்திருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டிக்கொடுத்தேன். அழுது முடித்தவள் மூக்கைச் சிந்தினாள். சிந்திய அதே கையால் என் கன்னத்தை ஆசையாகத் தடவினாள்.

குழாயைத் தேடி ஓடியது நான்தான்.