ஒரே பாட்டை எத்தனை தடவைங்க பாடுவாங்க?

எனக்கு வயசு எழுபத்து நாலு. அஞ்சு பிள்ளைங்கள வளர்த்து ஆளாக்கினேன். ஒண்ணுகூட என் பேச்ச மீறிப் போனதில்ல. அப்பேர்ப்பட்ட என்னால, அமெரிக்காவுல இருக்குற நாலு ஆம்பளைங்கள மட்டும் சமாளிக்க முடியல.

சிரிக்காதீங்க. போன வாரம் பூரா எங்க வீட்டுல நிம்மதி இல்லாமப் போனதுக்கு அவங்கதான் காரணம்.

நாலு பேர் சேர்ந்து பாடுற கூட்டம் அது. தொப்பி, கிட்டார், பிடில், குதிரை, ரயில்... அந்த மாதிரிப் பாட்டு. கன்ட்ரி மியூசிக்னு சொல்றாங்க. வெள்ளக்காரத் துரைமாருங்க நம்ம தேயிலை மலையில விட்டுட்டுப் போன சாமான்கள்ல இதுவும் ஒண்ணு. கிறிஸ்மஸ் வந்தா லிந்துலை டவுன்ல இன்னைக்கும் ஏதாவது ஒரு கடையில பாடிக்கிட்டுத்தான் இருக்கும்.

எங்க வீட்டுக்காரருக்கு அந்த நாலு பேர்னா உசுரு. இங்கிலீஷ் தெரியாது. ஆனா காது இருக்கே... அது வேற காது. தேயிலை பேக்டரியில முப்பத்தெட்டு வருஷம் மெஷின் பார்த்தவர். வாசல்ல நின்னே, எந்த ரோலர் எண்ணெய் கேக்குதுன்னு சத்தத்த வச்சுச் சொல்லிடுவார். அங்க இருந்த பேக்டரி ஐயா ஒருத்தர் ஆஸ்திரேலியாவுக்குப் போறப்ப, இந்த நாலு பேரோட கேசட் ஒண்ண இவர் கையில குடுத்துட்டுப் போனார். அதுல ஒரு பாட்டு. வீட்ட விட்டு ஓடிப்போன மகன் ரயில்ல திரும்பி வர்ற கதையாம். பேத்தி ஷாலினி சொன்னா. மூத்தவன் சேவியரோட மக அவ. எங்களோட இருந்து பள்ளிக்கூடம் போறா.

போன ஞாயித்துக்கிழமை அவருக்கு எழுபத்தெட்டு முடிஞ்சது. பூசை முடிஞ்சு பிள்ளைங்க எல்லாம் வந்திருந்தாங்க. மலைக்குக் கீழ, பட்டணத்துப் பக்கம் வத்தளையில இருக்குற மக ரீட்டா ஒரு ஸ்பீக்கர் வாங்கிட்டு வந்திருந்தா. உள்ளங்கை அளவுதான்... சத்தம் லயத்து வீட்டு வரிசை பூரா கேக்குது. கேக் வெட்டினதும் போன்ல தேடி அந்தப் பாட்டப் போட்டா. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னோம். இப்ப சிரிப்பார், இப்ப கண்ணு கலங்குவார்னு.

அவர் கேக் துண்டக் கீழ வச்சார்.

"இது அந்தப் பாட்டு இல்ல."

ரீட்டா போனக் காட்டினா. அதே பேரு, அதே கூட்டம், அதே பாட்டு. அவர் தலைய ஆட்டினார். அடித் தொண்டையில பாடுறவன் வேற ஆளாம். முடிவும் வேறயாம். அதுல கடைசியா கிட்டார் ஒரே ஒரு அடி அடிச்சு நிக்குமாம். இது வளைவுல திரும்புற பஸ் மாதிரி மெதுவா தேஞ்சு போகுதாம்.

மூணு தடவ போட்டாங்க. மூணு தடவையும் அதையேதான் சொன்னார். கடைசியில கோபம் வந்து, எந்திரிச்சுத் தோட்டத்துப் பக்கம் போயிட்டார்.

அப்புறம் என்ன? குசினியில, அடுப்புக்கிட்ட நின்னு, மாநாடு.

சேவியர் ஹட்டன்ல வாத்தியார். எதையும் மெதுவாத்தான் சொல்லுவான். அப்பாவுக்கு மறதி நோய் ஆரம்பிக்குது போலன்னான். ரீட்டா உடனே தன் மாமியார் கதைய எடுத்தா. அவங்களும் இப்படித்தானாம்... "இது என் வீடு இல்ல"ன்னுதான் ஆரம்பிச்சாங்களாம். போன மாசம் கேத்தல அடுப்புல வச்சு மறந்தது, தலவாக்கலை பஸ்ல குடைய விட்டது எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்து அடுக்கினாங்க. ஏன், பஸ்ல குடைய விடாத ஆள் இந்த மலையில யாராவது இருக்காங்களா?

முடிவு பண்ணிட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வேன் வரும். அப்பா வத்தளைக்குப் போகணும். டாக்டருக்குக் காட்டி, அங்கேயே வச்சுக்கிறது. இனிமே தனியா பஸ் ஏறக் கூடாது. நானும் கூடவே போயிடணுமாம்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"ன்னு சேவியர் கேட்டான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா, கொஞ்ச நாளா ஒரு மாதிரிதான் இருக்கார்"னு சொன்னேன். பிள்ளைங்க ஆசையா வாங்கிட்டு வந்ததுக்கு இந்த மனுசன் இப்படி வீம்பு பண்றாரேன்னு ஒரு எரிச்சல். அதுல வந்த வார்த்தை. ஆனா அதோட எல்லாம் முடிவாச்சு. பெண்டாட்டியே சொல்லிட்டாளே.

சாயந்தரம் அவர்கிட்ட விஷயத்தச் சொன்னாங்க. சண்டை போடுவார்னு பார்த்தேன். போடல. "லீக்ஸ் பாத்திய யாரு பார்ப்பா?"ன்னு மட்டும் கேட்டார். அப்புறம் பேச்சே இல்ல. திங்கக்கிழமையும் பேசல. சோத்துத் தட்டக்கூட பாதியில தள்ளி வச்சார்.

செவ்வாய்க்கிழமை ஷாலினி போனத் தூக்கிட்டு ஓடி வந்தா. தாத்தா சொன்னது சரியா இருக்கும் போலன்னா. அந்த நாலு பேரோட வண்டவாளத்த எல்லாம் வாசிச்சுக் காட்டினா.

கேளுங்க. அவங்க பாட ஆரம்பிச்சு அம்பது வருஷத்துக்கு மேல ஆகுதாம். முதல்ல ஒரு கம்பனிக்குப் பாடிப் பதிஞ்சாங்க. அப்புறம் அந்தக் கம்பனியோட மனக்கசப்பு. வேற கம்பனிக்குப் போனாங்க. பழைய பதிவு பழைய கம்பனிக்குத்தான் சொந்தமாம். அதனால அதே பாட்ட உட்கார்ந்து மறுபடி பாடினாங்க. அப்புறம் அடித் தொண்டைக்காரர் விலகிட்டார். புது ஆள் வந்தார். சரி, புது ஆள் வந்துட்டாரேன்னு அதே பாட்ட மூணாவது தடவையும் பாடினாங்க. நடுவுல ரெண்டு தரம் "இதுதான் எங்க கடைசி ரெக்கார்ட்"னு கும்பிடு வேற போட்டாங்களாம். போனாங்களா? போகல. இன்னமும் பாடிக்கிட்டு இருக்காங்க.

தெரியாமத்தான் கேக்குறேன்... மூத்த பிள்ளைக்கு வச்ச பேரையே ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் யாராவது வைப்பாங்களா? வச்சாலும், "இது மூத்தது இல்ல"ன்னு அட்டையில ஒரு வார்த்தை போட வேணாமா?

நாங்களும் தேயிலைச் செடியக் கவ்வாத்து வெட்டுறோம். வெட்டினப்புறம் வர்ற கொழுந்து வேற. செடி நிக்கிற மலைத்துண்டோட நம்பர் மட்டும் அதேதான். கையில கிள்ளினவுடனே எங்களுக்கு வித்தியாசம் தெரியும். அதச் சொன்னதுக்காக எங்களுக்கு யாரும் மறதி நோய்னு பேர் வச்சதில்லையே.

சேவியருக்குப் போன் பண்ணினா அவன் ஒத்துக்கல. அவங்க மூணு தடவ பாடியிருக்கலாம், ஆனா நாப்பது வருஷத்துக்கு முந்தி கேட்ட முடிவு அப்பாவுக்கு ஞாபகம் இருக்கா, இல்ல அவரா நெனைச்சுக்கிறாரான்னு கேட்டான். முதல் பதிவு போன்ல எங்க தேடியும் கிடைக்கல. "கேசட் எங்க அப்பாயி?"ன்னா ஷாலினி.

அங்கதான் நான் மாட்டிக்கிட்டேன்.

என் தங்கச்சி பிலோமினா குடும்பம், நாட்ட விட்டுத் திருப்பி அனுப்பின மத்த தோட்டத்து ஆளுங்களோட சேர்ந்து கப்பலேறி இந்தியாவுக்குப் போய், கோத்தகிரிப் பக்கம் குடியேறினாங்க. கடிதாசி எழுத எங்களுக்கு எங்க கை வந்துச்சு? டேப்புலதான் பேசி அனுப்புவோம். வெறும் கேசட் லேசுல கிடைக்காது. பாட்டுக் கேசட்டோட மேல் விளிம்புல சின்ன ஓட்டை இருக்கும். அதுல காகிதத்த அடைச்சா பாட்டு மேலயே பேசிடலாம். அந்த வித்தைய எனக்குக் காட்டிக் குடுத்தவர் எங்க வீட்டுக்காரர்தான்.

ஒரு நாள் அவர் வேலைக்குப் போயிருந்தார். இந்தியாவுக்குப் புறப்பட்ட ஒருத்தர் வாசல்ல அவசரமா நின்னாங்க. கைக்கு அகப்பட்டது அந்தக் கேசட். பேசினேன், குடுத்தேன். வீட்டுக்காரர் வந்து ஒரு வாரம் வீட்டப் பெரட்டித் தேடினார். எலி இழுத்துட்டுப் போயிருக்கும்னு சொல்லிட்டேன்.

ஷாலினி என்னையே பார்த்தா. நான் பார்வைய மாத்திக்கிட்டே, அவகிட்ட மட்டும் நடந்ததச் சொன்னேன்.

பிலோமினா இப்ப இல்ல. அவ மக செல்விக்குப் போன் போட்டோம். அவங்க அம்மா சேர்த்து வச்ச குரல் கேசட் எல்லாம் பிஸ்கட் டின்னுல பத்திரமா இருக்குதாம். ஆனா போட்டுக் கேக்குறதுக்கு மெஷின் இல்ல. ரேடியோ ரிப்பேர் கடைக்கெல்லாம் அலைஞ்சு ஒரு மெஷினப் பிடிச்சு, ஓடவிட்டுப் பதிஞ்சு, சனிக்கிழமை மத்தியானம் போன்ல அனுப்பி வச்சா. மறுநாள் வேன் வரணும். சேவியர் சாமான் கட்ட வந்திருந்தான்.

எல்லாரும் உட்கார்ந்து கேட்டோம். முதல்ல என் குரல். இளம் வயசுக் குரல். கீச்சுனு. மழையப் பத்திச் சொல்றேன், கடைசிப் பிள்ளைக்குப் பல்லு மொளைச்சதச் சொல்றேன். அப்புறம், இந்த மனுசன் எந்நேரமும் அந்த வெள்ளக்காரனுங்க பாட்டையே போட்டு உசுர வாங்குறார்னு ஒரு பாட்டம் அவரத் திட்டுறேன். "சரி தங்கச்சி, வைக்கிறேன்." டக்குன்னு ஒரு சத்தம்.

உடனே பாட்டு. பாதியில இருந்து. அடித் தொண்டைக் குரல்... பாறை உருளுற மாதிரி. பிடில் வந்துச்சு. கடைசி வரி வந்துச்சு. கிட்டார் ஒரே ஒரு அடி. நின்னுச்சு.

சேவியர் ஸ்பீக்கர்ல புதுசப் போட்டான், மறுபடி பழசப் போட்டான். எனக்கே வித்தியாசம் தெரிஞ்சுச்சு. அவன் அப்பா பக்கத்துல போய்க் குந்திக்கிட்டான். "அப்பா... வேன வரவேணாம்னு சொல்லிடுறேன்."

"டாக்டர்கிட்ட வேணும்னா வர்றேன்"னார் அவர். "காத மட்டும் பார்க்க வேணாம்னு சொல்லு."

அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"எலி நல்லாத்தான் பேசியிருக்கு."

சிரிச்சாங்க எல்லாரும். நான் எந்திரிச்சுத் தேத்தண்ணி போடப் போயிட்டேன்.

வயசானவங்க "இது அது இல்ல"ன்னு சொன்னா, நாம சாமானச் சோதிக்கிறதில்ல. அவங்க தலையத்தான் சோதிக்கிறோம். பிள்ளைங்கள நான் குறை சொல்ல மாட்டேன், பயந்துட்டாங்க. ஆனா நான்? அம்பது வருஷத்துக்கு மேல அவரோட வாழ்ந்தவ. அந்தக் காத எனக்குத் தெரியாதா? அன்னைக்கு நான் "இல்ல, அவர் நல்லாத்தான் இருக்கார்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த மனுசன் ஆறு நாள் வாயில்லாம உட்கார்ந்திருக்க மாட்டார்.

இத அவர் முகத்தப் பார்த்துச் சொல்ல எனக்கு வரல. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்ல.

ஷாலினி, இந்தா புள்ள, நான் சொல்லச் சொல்ல நீ எழுதின இத ஒருக்கா வாசி. இங்க வேணாம். தாத்தா பக்கத்துல போய் நின்னு, சத்தமா வாசி. நான் "ஆமா"ன்னு சொன்ன இடத்த விட்டுடாத.