வெள்ளை மேலங்கியில் இருந்த பெயர்

அந்தப் படத்தைக் குழுவில் போட்டவன் நான்தான். மரியதாஸ் அல்ல.

இந்த இரண்டு வரிகளை எழுத எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. எழுதி முடித்ததும் நெஞ்சு இளகும், குறைந்தது கையாவது நடுங்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமில்லை... பல் பிடுங்க ஊசி போட்ட பின் கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது.

நான் ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறேன். நோர்வேக்கு வந்து முப்பது வருடங்களாகியும் இங்குள்ள அமைச்சர்களில் நான்கு பேருடைய பெயர் எனக்கு ஒழுங்காகத் தெரியாது. ஆனால் பிரித்தானியாவில் எந்தக் கட்சித் தலைவர் எந்தக் கேள்விக்கு எப்படி மழுப்பினார் என்று கேளுங்கள், ஒன்று விடாமல் சொல்வேன். சிரிக்காதீர்கள், எங்களில் பலர் அப்படித்தான். எங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் லண்டனில் ஒரு அண்ணனோ மச்சாளோ உண்டு. இங்குள்ள அரசியல்வாதிகள் மெதுவாகப் பேசி, கோப்பி குடித்து, கடைசியில் உடன்பட்டும் விடுகிறார்கள். அதில் சண்டை பிடிக்க என்ன இருக்கிறது?

சண்டை பிடிப்பதற்கென்றே எங்களுக்கு ஓர் இணையக் குழு இருந்தது. அதில் எனக்கு இரண்டு முகங்கள். சொந்தப் பெயரில் திருநாள் வாழ்த்தும் மரண அறிவித்தல்களுக்கு அனுதாபமும் எழுதுவேன். 'வடதுருவன்' என்ற பெயரில் கட்சித் தலைவர்களைக் கிழித்துத் தொங்கவிடுவேன். "அப்பா, உங்களுக்கு அங்கை வோட்டே இல்லையே" என்று மகள் ஒருநாள் சொன்னாள். அது என்னைச் சுட்டது. ஆனாலும் விட்டேனா? இல்லை.

எதிர்ப்பக்கத்தில் லண்டன் ரூபன். புதிதாக வந்திருந்த ஒரு கடும்போக்குத் தலைவரை அவன் தலையில் வைத்துக் கொண்டாடினான். வடதுருவன் யார் என்று அவனுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து என்னோடு தொலைபேசியில் கதைக்கும்போது வடதுருவனைப் பற்றி என்னிடமே முறையிடுவான். நானும் சேர்ந்து திட்டுவேன். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

ரூபன் அவனுடைய ஞானஸ்நானப் பெயர் அல்ல. அவன் ஜெயசீலன்.

இளவயதில் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் மூன்று பேர் ஓர் அறையில் இருந்தோம்: நான், ஜெயசீலன், மரியதாஸ். ஜெயசீலனின் அகதி விண்ணப்பத்தை நோர்வே நிராகரித்தது. அவன் லண்டனுக்குப் போய், வேறு பெயர் கொடுத்து, நோர்வேயில் கால் வைத்ததே இல்லை என்று எழுதிக் கொடுத்தான். அங்கே ஏற்றுக்கொண்டார்கள். மணம் முடித்தான், இரண்டு பிள்ளைகள், குடியுரிமையும் கிடைத்தது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவன் 'கேசுக்குக் குடுத்த பேர்' என்று அகதி விண்ணப்பத்தில் எழுதிய பெயரைச் சொன்னால் மறுநாளிலிருந்து எல்லோருக்கும் அவன் அந்தப் பெயர்தான். யாரும் காரணம் கேட்பதில்லை. மன்னாரில் அவனைப் பெற்ற தாய்கூடத் தொலைபேசியில் ரூபன் என்றுதான் அழைத்தார். கோயிலில் முகம் பாராமல் திரிகிற பகையாளிகள்கூட இந்த ஒன்றில் கை வைப்பதில்லை. அதில்தான் நான் கை வைத்தேன்!

அந்த வாரம் அவனுடைய தலைவர், விண்ணப்பத்தில் பொய் சொன்னவர்களின் குடியுரிமையைப் பறிக்க வேண்டும் என்று பேசியிருந்தார். ரூபன் குழுவில் எழுதினான்: "பொய் சொல்லி வந்தவனை அனுப்பத்தான் வேணும். நேர்மையா வந்த எங்களுக்கு இவங்களாலைதான் கெட்ட பேர்."

மரியதாஸ் தன் சொந்தப் பெயரிலேயே அவனைத் திட்டினான். மரியதாஸ் நோர்வேயின் துரொண்ட்ஹெய்ம் நகரில் இருக்கிறான். முன்கோபி, எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான். வடதுருவனும் நீளமாக ஒரு பதில் எழுதினான். அதற்கு ரூபன், "பனிக்குள்ளை இருந்து குலைக்கிறதுக்கு வோட்டு ஒண்டு இருக்கோ?" என்று கேட்டான். அதன் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன.

நியாயத்துக்காகத்தான் அதைச் செய்தேன் என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். நானும் அகதி, கதவைச் சாத்துகிறவனைப் பொறுக்க முடியவில்லை என்றெல்லாம்... அந்தச் சிரிக்கும் முகங்கள் விழுந்திராவிட்டால் நான் அதைச் செய்திருப்பேனா? நீங்களே சொல்லுங்கள்.

கடைசித் தரிப்பிடத்தில் பேருந்தை நிறுத்தியிருந்தேன். பன்னிரண்டு நிமிட ஓய்வு. தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் எங்கள் மூவரையும் எடுத்த படம் என் கைத்தொலைபேசியில் இருந்தது. அவர் அந்தக் காலத்தில் ஆளுக்கொரு பிரதி கொடுத்திருந்தார், என்னுடையதை எப்போதோ கைத்தொலைபேசியில் பிடித்து வைத்திருந்தேன். மூவரும் வெள்ளை மேலங்கியில், நெஞ்சில் கறுப்பு மையால் எழுதிய பெயரோடு நிற்கிறோம். என்னையும் மரியதாஸையும் வெட்டி நீக்கினேன். ஜெயசீலனை மட்டும் விட்டேன். "இந்த நேர்மையாளரின் அங்கியில் இருக்கும் பெயரைப் படியுங்கள். எந்த நாட்டில் எடுத்த படம் என்றும் கேளுங்கள்" என்று எழுதி வடதுருவன் பெயரில் பதிவிட்டேன்.

இன்னும் நான்கு நிமிடங்கள் மீதம் இருந்தன. ஓர் ஆப்பிள் சாப்பிட்டேன்.

நகரத்துக்குப் போய்த் திரும்பி வந்ததும் அதை அழித்தேன். வடதுருவனையும் அழித்தேன். அதற்குள் படம் எத்தனை கைகளுக்குப் போனதோ! ரூபன் குழுவிலிருந்து வெளியேறியிருந்தான்.

சில மாதங்களில் பிரித்தானியக் குடிவரவு அலுவலகத்திலிருந்து அவனுக்குக் கடிதம் வந்தது. அடையாளம் பற்றி விளக்கம் கேட்டிருந்தார்கள். யாராவது படத்தை அனுப்பி முறையிட்டார்களா, அல்லது பழைய கைரேகை எங்கோ பொருந்தியதா? அவனுடைய சட்டத்தரணிக்கே தெரியவில்லையாம். இந்த 'தெரியவில்லை'யைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனை நாள் பேருந்து ஓட்டியிருப்பேன்...

அப்போதுதான் அவனுடைய மனைவி ஷாமினி எனக்கு அழைத்தாள். அழவில்லை, மிகவும் நிதானமாகப் பேசினாள். அந்தப் படம் மூன்று பேரிடம்தான் இருந்தது, தன் கணவன் தன்னுடையதை எப்போதோ தொலைத்துவிட்டான் என்றாள். பிறகு, "அண்ணா, உங்களிட்டைக் கேக்கிறதுக்கு மன்னிக்கோணும். ஆரா இருக்கும்?" என்று கேட்டாள்.

நான் சொன்னேன்: "மரியதாஸிட்டை ஒண்டு இருக்கு, தங்கச்சி."

அவ்வளவுதான். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மரியதாஸிடம் ஒரு படம் இருந்தது உண்மைதானே? நான் செய்தவற்றில் எது பெரியது என்று கேட்டால், படத்தைப் போட்டதைச் சொல்ல மாட்டேன். இந்த ஒரு வசனத்தைத்தான் சொல்வேன். படத்தைக் கோபத்தில் போட்டேன். இதைச் சொன்னபோது எனக்குக் கோபமே இருக்கவில்லை.

அதற்குப் பிறகு யாரும் எதையும் விசாரிக்கவில்லை. அந்த வாரம் மரியதாஸ் ரூபனைத் திட்டியிருந்ததே, அது போதுமாக இருந்தது; வடதுருவனும் அவன்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கேஸ் பெயரைக் காட்டிக் கொடுத்தவன் என்ற பேச்சு துரொண்ட்ஹெய்மிலிருந்து ஒஸ்லோ வரை, லண்டன் வரை போனது. அவன் இரண்டு மூன்று தடவை மறுத்துப் பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டான். அதையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். சென்ற ஆண்டு அவனுடைய மகளின் கல்யாணத்தில் மண்டபத்தின் பாதி வெறுமையாகக் கிடந்தது. நான் போயிருந்தேன். முன்வரிசையில் இருந்தேன்.

ரூபனின் வழக்கு இன்னும் முடியவில்லை. அரசியல் கதைப்பதை விட்டுவிட்டான். ஞாயிறுகளில் அழைத்து, மரியதாஸைச் சாகும்வரை மன்னிக்க மாட்டேன் என்பான். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

தவக்காலத்தில் ஒரு தமிழ்க் குருவானவர் வந்திருந்தார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பூசைக்குப் போகாத ஞாயிறுகளைச் சொன்னேன், மனைவியோடு கோபப்பட்டதைச் சொன்னேன். அவர் கொடுத்த செபங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். முழங்கால் மட்டும் நொந்தது.

பத்து நாட்களுக்கு முன் மரியதாஸ் ஒஸ்லோவுக்கு வந்தான். ஸ்ட்ரோம்மனில் கடைத்தொகுதிக்குள் கோப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மெலிந்திருந்தான். "நீயும் நான்தான் போட்டது எண்டு நினைக்கிறியோ?" என்று கேட்டான்.

"இல்லை" என்றேன். அதுவும் பொய் இல்லை, பாருங்கள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு, அத்தனை சனத்துக்கு நடுவில் என் கையைப் பிடித்தான். "மூண்டு வருசத்திலை நீ ஒருத்தன்தான்ரா இதைச் சொன்னது" என்றான். பிறகு, தூக்கமில்லாமல் படுத்திருந்து யார் யாரையெல்லாம் சந்தேகித்தேன் என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னான். ஜெயசீலன் தொலைத்த படத்தை யாரோ கண்டெடுத்திருக்க வேண்டும் என்பதுதான் அவனுடைய முடிவு. "ஆனா சத்தியமாச் சொல்லுறன், உன்னை மட்டும் ஒருநாளும் நினைக்கேல்லை" என்றான்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாயில் கோப்பி கூட இருக்கவில்லை... என் கை அவன் கைக்குள் இருந்தது. அது சூடாக இருந்ததா குளிராக இருந்ததா என்றுகூட இப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. கடைசி இராவுணவை நினைக்கும் பெரிய வியாழனுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, உயிர்ப்புத் திருநாளான பாஸ்கா முடியும்வரை தங்கும்படி கேட்டேன். வேறு யாரும் கூப்பிடவில்லை, கட்டாயம் வருகிறேன் என்றான்.