கழுவாத ஜாக்கெட்

எங்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆரஞ்சு நிற மிதவை ஜாக்கெட் தொங்குகிறது. படகில் போகிறவர்கள் மாட்டிக்கொள்வார்களே, அதுதான். வெயிலில் வெளுத்துப்போய், ஒரு பக்கத்துக் கொக்கி உடைந்து, இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கறையோடு இருக்கிறது. பறவை எச்சம். காய்ந்து, துணியோடு துணியாக ஒட்டிவிட்டது. ஒரு தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கும்போது என் கணவர் நல்ல எண்ணத்தில் அதை எடுத்துப்போய் சோப்புத் தண்ணீர் வாளியில் முக்கப் போனார். நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் மேலே ஏறி வந்துவிட்டார்கள். "இன்னா ஆச்சு உனக்கு, ஒரு கறைக்காகவா இவ்ளோ டென்ஷன்?" என்றார் அவர். ஆமாம், கறைக்காகத்தான். அதை நான் கழுவ மாட்டேன், யாரையும் கழுவ விடவும் மாட்டேன். ஏன் என்று அன்றைக்குச் சொல்ல வரவில்லை, ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. இப்போது எழுதிப் பார்க்கிறேன். ஆத்திரம் குறைந்திருக்கிறதா என்றால், இல்லை.

அது என் சித்தியின் ஜாக்கெட். அம்மாவுக்கு அடுத்துப் பிறந்தவள். செஞ்சியில் இருக்கும் எங்கள் காலனியில் சித்தியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. ரேஷன் கடையில் எடை குறைந்தால் அவள் போடும் கூச்சல் கடைத்தெரு வரைக்கும் கேட்கும். எங்கள் வீட்டுக் கோழி அவளுடைய கீரைப் பாத்தியைக் கிளறியதற்காக என் அம்மாவோடு மழைக்காலம் முழுவதும் பேசாமல் இருந்தவள். அவளைத் தங்கமானவள், பொறுமைசாலி என்றெல்லாம் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. சாயங்காலம் யாரோடாவது ஒரு சண்டை இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஆனால் தண்ணீரில் இறங்கிவிட்டால் வேறு ஆள். வல்லம் பக்கம் வேர்க்கடலை பிடுங்கப் போகும் நாட்களில், நிலத்துக்காரர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துக் கிணற்றில் குதித்து நீச்சல் கற்றுக்கொண்டவள். அவர் திரும்பி வந்து பார்த்துவிட்டால் கிணறு தீட்டாகிவிட்டது என்று கத்துவார். அதற்குள் இவள் ஈரத்துணியோடு கடலைக் காட்டுக்குள் போய்க் குனிந்துகொள்வாளாம்.

சிங்கவரம் போகிற வழியில் இருக்கும் ஏரியில், கோட்டை பார்க்க வருகிறவர்களுக்காகப் படகு விடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, மகளிர் குழுவில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தது சித்திதான். ஊர்த்தெருவிலிருந்து இரண்டு ஆண்கள், காலனியிலிருந்து இவள். மூன்று பேரையும் வெளியூருக்கு அனுப்பிப் படகோட்டப் பழக்கினார்கள். மூவருக்கும் ஒரே பயிற்சி. திரும்பி வந்தபோது மூவருக்கும் ஒரே மாதிரி ஜாக்கெட். சித்தி பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வந்து சேரும்வரை அதைக் கழற்றவே இல்லை. "ஏரில தண்ணி நிக்கிறதே கொஞ்ச மாசம்தான். மீதி நாளு இன்னா, தரையில ஓட்டுவியா?" என்று என் நைனா கிண்டல் செய்தார். "தரையிலயும் ஓட்டுவேன் மாமா, நீ வந்து குந்து" என்றாள் சித்தி. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்கும் அங்கேயே டிக்கெட் கொடுக்கும் வேலை கிடைத்தது.

அன்னம் போலக் கழுத்து வைத்த மிதிபடகுகள் சிலவும், குடும்பமாகப் போவதற்கு நீளமான ஒரு துடுப்புப் படகும் வந்து இறங்கின. திறப்பு விழாவுக்கு வரும் பெரிய மனிதர்கள் மேல் வெயில் படக்கூடாது என்பதற்காக, ஏரிக்கரையில் இருந்த பெரிய புளியமரத்தின் நிழலில் படகுத்துறையைக் கட்டினார்கள். மழை பெய்து ஏரி நிரம்பியதும் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் வந்தன. அவை காலங்காலமாக வந்து கூடு கட்டும் மரம் அது. காலையில் வந்து பார்த்தால் படகுகளுக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. படகுகளைக் கவனிக்க வந்திருந்த மேனேஜர் துறையில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார். எதிரில் மூன்று ஜாக்கெட்டுகள் நின்றிருந்தன. அவர் கண் ஊர்த்தெரு ஆட்கள் இரண்டு பேரையும் தாண்டி நேராகச் சித்தியிடம் வந்து நின்றதை டிக்கெட் அறை ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். "இப்போதைக்கு நீ கழுவிடும்மா" என்றார். யோசிக்கக்கூட இல்லை. யோசித்துச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

அந்த "இப்போதைக்கு" மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. மீன் தின்னும் பறவையின் எச்சத்தைக் கழுவியவர்களுக்குத்தான் அது என்ன என்று தெரியும். ஈரமாக இருந்தால் கருவாட்டு நாற்றம், காய்ந்துவிட்டால் காரை. முதலில் நனைந்த கோணியைப் போட்டு ஊற வைக்க வேண்டும், பிறகு கொட்டாங்குச்சியால் சுரண்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் சோப்புத்தூளும் தேங்காய் நாரும். சித்தியின் விரல் இடுக்குகள் வெடித்துப்போயின. தலையில் எத்தனை சீயக்காய் போட்டாலும் வாடை போகவில்லை. ஜாக்கெட் அழுக்காகிவிடும் என்று அதைக் கழற்றி என் அறையில் மாட்டிவிட்டுக் கழுவப் போவாள், முடிந்ததும் வந்து மாட்டிக்கொள்வாள். அதற்குள் படகுகளை மற்ற இருவரும் எடுத்துப் போயிருப்பார்கள். அவர்கள் இவளைவிடச் சின்னவர்கள். ஆனாலும் அக்கா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கையில் டீயோடு கரையில் நின்றுகொண்டு, "ஏ இந்தாம்மா, அந்தக் கழுத்துல இன்னும் இருக்குது பாரு" என்று விரலை நீட்டுவார்கள்.

சித்தி வாயை மூடிக்கொண்டு கழுவினாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். "இன்னா சார், காலையில சாப்டியா? நல்லா எறங்கியிருக்குது" என்று அண்ணாந்து கேட்பாள். மேனேஜருக்குக் காதில் விழும். புரியாத மாதிரி போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். நான் அவரிடம் போய், சித்தியும் படகோட்டிதானே, ஏன் தினமும் அவளே கழுவ வேண்டும் என்று கேட்டேன். "நீ படிச்ச பொண்ணும்மா, உனக்கு இதெல்லாம் வேணாம்" என்று தன்மையாகச் சொன்னார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவர் பாராட்டுகிற மாதிரி என்னைப் பிரித்து இந்தப் பக்கம் வைத்தார். அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆள் வராததால் சித்திக்குத் துடுப்பு கிடைத்தது. கடைத்தெருவில் பெரிய கடை வைத்திருக்கும் ஒரு குடும்பம் ஏற வந்தது. அந்த வீட்டு அம்மா சித்தியைப் பார்த்துவிட்டு, "காலையில கழுவினு இருந்ததே, அந்த அம்மாவா ஓட்டும்?" என்று கேட்டு, வைத்த காலைப் பின்னால் எடுத்தார். மேனேஜர் ஓடிவந்து வேறு ஆளை ஏற்றினார். சித்தி இறங்கிக் கரையில் நின்றாள். அன்றைக்கு மட்டும் அவள் யாரையும் திட்டவில்லை, எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

காணும் பொங்கல் அன்று காலையில் அவள் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. துடுப்புப் படகை மட்டும் பளபளவென்று கழுவினாள். தேங்காய் நாரையும் கொட்டாங்குச்சியையும் துறையின் நடுவில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டுப் போய்ப் படகில் உட்கார்ந்துகொண்டாள். "ஓட்றவங்கதான் கழுவணும். என் படகு நான் கழுவிட்டேன். அவங்கவங்க படகு அவங்கவங்க கழுவட்டும்" என்றாள். மேனேஜர் கத்தினார், பிறகு கெஞ்சினார். மற்ற இருவரும் அந்தத் தேங்காய் நாரைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. பாம்பு கிடந்தால்கூட அப்படி ஒதுங்கமாட்டார்கள். ஊர் ஜனம் முழுக்க ஏரிக்கு வரும் நாள் அது. புதுத்துணி உடுத்தி வந்தவர்கள் எச்சம் அப்பிய அன்னத்தில் உட்காருவார்களா? ஒருவரும் உட்காரவில்லை. அத்தனை பேரும் சித்தியின் படகுக்கு வரிசை கட்டினார்கள். கழுவிய அம்மா ஓட்டுகிறாளா என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை, படகு சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தார்கள். கோட்டையின் ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும்வரை சித்தி துடுப்புப் போட்டாள். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அதை என்னிடம் விரித்துக் காட்டிச் சிரித்தாள். இனி வேறு வழியில்லை, நாளைக்கு அந்த இருவரும் தேங்காய் நாரைத் தொட்டுத்தான் ஆக வேண்டும் என்று நான் நம்பினேன். நான் எவ்வளவு பெரிய ஏமாளி என்று அந்த வாரமே தெரிந்துவிட்டது.

ஒரு நாள் காலை நாங்கள் போய்ச் சேரும்போதே மிஷின் ரம்பத்தின் சத்தம் கேட்டது. ஏரிப் பக்கம் நீண்டிருந்த கிளைகளை அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கேட்டால், கிளை கழிக்கிறோம் என்றார்கள். மரத்தில் பாதியைக் கழித்திருந்தார்கள். அந்த மாதத்தில் ஒவ்வொரு கூட்டிலும் குஞ்சு இருக்கும் என்பது செஞ்சியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிளைகளோடு கூடுகளும் தண்ணீரில் விழுந்தன, இறகு முளைக்காத குஞ்சுகள் மிதந்தன. ஒரு தேங்காய் நாரைத் தொட்டுத் தேய்ப்பதைவிட இத்தனையையும் கொல்வது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. தாய்ப் பறவைகள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின. சித்தி அவ்வளவாகப் பறவைகள்மேல் பிரியம் கொண்டவள் இல்லை, தினமும் அவற்றுக்குச் சாபம் விட்டவள்தான். ஆனால் யாரையும் கேட்காமல் படகை அவிழ்த்து, விழும் கிளைகளுக்கு நடுவே துடுப்புப் போட்டுப் போனாள். ரம்பக்காரர் பயந்துபோய் மிஷினை நிறுத்தினார். குஞ்சுகளை அள்ளிப் படகில் போட்டு, ஏரிக்குள் இருந்த கருவேல மரங்களின் கவட்டையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். முக்கால்வாசி பிழைக்கவில்லை. தோளில் அந்தக் கறை அப்போது விழுந்ததுதான்.

திரும்பி வந்ததும் தன் படகைக் கழுவினாள். அவள் ஓட்டிய படகு, அவள்தானே கழுவ வேண்டும். கழுவி முடிக்கும்வரை காத்திருந்த மேனேஜர் பக்கத்தில் வந்து, "அதான் கிளை போச்சே. இனிமே எச்சம் இருக்காது. உனக்கு இங்க இன்னா வேலை இருக்குது? குழுவுல சொல்லிட்றேன், நாளையிலேர்ந்து வராத" என்றார். சித்தி நிமிர்ந்து, "நான் படகோட்டி சார்" என்றாள். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. இருந்தது ஆச்சரியம். உண்மையான ஆச்சரியம். அவள் எதற்காக வேலைக்கு எடுக்கப்பட்டாள் என்பதை அந்த மனிதர் சுத்தமாக மறந்தே போயிருந்தார். "சரி சரி, ஜாக்கெட்ட குடுத்துட்டுப் போ" என்றார்.

சித்தி படகில் ஏறினாள். நடு ஏரிக்குப் போனதும் துடுப்பை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஜாக்கெட் வேணும்னா வந்து வாங்கிக்கோ சார்" என்று அங்கிருந்து குரல் கொடுத்தாள். கோட்டை பார்த்துவிட்டு வந்த கூட்டம் ஏற்கெனவே டிக்கெட்டுக்கு நின்றிருந்தது. கழுவிய படகு அவளிடம் இருந்தது. அவளைப் பிடிக்கப் போவதென்றாலும் அன்னப் படகில்தான் போக வேண்டும், அதில் காணும் பொங்கலுக்கு முந்திய எச்சமெல்லாம் அப்படியே இறுகிக் கிடந்தது. நீந்திப் போய்க் கூப்பிடச் சொன்னார் மேனேஜர். இருவரும் தரையைப் பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்த்துக் கத்தினார். கூட்டம் சிரித்தது. கடைசியில் ஒருவர் குனிந்து தேங்காய் நாரை எடுத்தார். மற்றவர் தண்ணீர் மொண்டு ஊற்றினார். ஒரு மரத்தை மொட்டையடித்துத் தப்பிக்கப் பார்த்த வேலையை அத்தனை பேர் பார்க்கச் செய்தார்கள். நடு ஏரியிலிருந்து சித்தியின் குரல் வந்தது: "தம்பி, அந்தக் கழுத்துல இன்னும் இருக்குது பாரு."

அவர்கள் தேய்த்து முடிப்பதற்குள் அவளே கரைக்கு வந்தாள். படகை முடிச்சுப் போட்டுக் கட்டினாள். ஜாக்கெட்டோடு அவர்களைத் தாண்டி நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. நான் டிக்கெட் அறையைப் பூட்டிச் சாவியை ஜன்னலில் வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். காலனி முனை வரைக்கும் வேகமாக நடந்து வந்தவள், அங்கே ஜாக்கெட்டைக் கழற்றி என்மேல் எறிந்தாள். "இத நீயே வெச்சிரு. என் வூட்ல இருந்துச்சுன்னா கொளுத்திடுவேன்" என்றாள். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெயித்த கதையாக இதைச் சொல்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். அந்த அழுகையை அவர்கள் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் மறுபடியும் கடலைக் கொல்லைக்குத்தான் போனாள்.

நான் இப்போது திண்டிவனத்தில் இருக்கிறேன். செஞ்சிக்குப் போகும்போது ஏரியைப் பார்ப்பேன். படகு விடுவது சீக்கிரமே நின்றுபோனது. உட்காரக் கிளை இல்லாததால் பறவைகள் அன்னங்களின் தலையிலேயே வந்து உட்கார்ந்தன, அந்தப் படகுகள் அடையாளம் தெரியாமல் வெளுத்துப்போயின. போன வாரம் ஒரு போன் வந்தது. படகுத்துறைக்குப் புதிதாகப் பொறுப்புக்கு வந்தவராம், பழைய பட்டியலில் என் நம்பரைப் பார்த்தாராம், மரியாதையாகப் பேசினார். மறுபடியும் படகு விடப் போகிறார்களாம். "மேடம், படகு சுத்தம் பண்ண உங்க காலனியிலேர்ந்து ஒரு ஆள் கெடைக்குமா?" என்றார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "சுத்தம் பண்ண ஆள் இல்ல. ஓட்ட ஆள் இருக்குது. ஓட்றவங்கதான் கழுவுவாங்க, எல்லாரும். சம்மதம்னா சொல்லுங்க" என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

உடனே சித்திக்குப் போன் போட்டேன். தலை நரைத்துவிட்டது, முட்டி வலி வேறு. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. முழுவதையும் கேட்டுவிட்டு அந்த ஆளையும் அவர் பரம்பரையையும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள்.

"அந்த ஜாக்கெட் இருக்குதாடி?"

"இருக்குது சித்தி."

"எடுத்துனு வா. தொவச்சிடாத."