கிரேசம்மா டீச்சருக்குச் செய்த தேக்குப் பெட்டி

நான் செய்துகொடுத்த சவப்பெட்டியைத் திருப்பி எடுத்துவந்து குறை சொன்னவர் இந்தத் தங்க வயலிலேயே ஒருவர்தான். என் வாத்தியாரம்மா, கிரேசம்மா டீச்சர்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. தங்கச் சுரங்கத்தின் மர யார்டில் பலகை சுமந்து, ஷாஃப்டுக்குள் பாறை சரியாமல் மரமுட்டு வைத்துத் தொழில் படித்தேன். மைன் மூடியதும் படித்தவனெல்லாம் பெங்களூர் ரயிலில் தொற்றினான். நான் இங்கேயே ஊரிகத்தில் சவப்பெட்டிப் பட்டறை போட்டேன். ஒருவர் கையையும் எதிர்பார்க்காமல் மாடி வீடு கட்டினேன்.

1. முன்கூட்டியே ஒரு ஆர்டர்

டீச்சர் ரிட்டையராகிப் பல வருடம் கழித்து ஒருநாள் பட்டறைக்கு வந்தார். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டுக்கு அப்பால் உள்ள கிராமப் பள்ளிக்குத் தினம் நடந்தே போய் வேலை பார்த்தவர். வராத பையனை வீடு தேடிப் போய்க் காதைப் பிடித்து இழுத்து வருவார். என் இடது காது இன்றைக்கும் வலதைவிடக் கொஞ்சம் நீளம்.

"டேய் யாக்கோபு, அளவெடுடா."

"யாருக்கு டீச்சர்?"

"எனக்குத்தான். செத்தப்புறம் உன்னாண்ட வந்து நிக்க முடியுமா?"

செய்துகொடுத்தேன். கொஞ்ச நாளில் பெட்டி ஆட்டோவில் திரும்பி வந்தது.

"மூடி சரியா குந்தல. எலி பூந்து அரிசியெல்லாம் தின்னுது."

அரிசி கொட்டி வைத்திருக்கிறார்! மூடியைச் சரிசெய்து அதை அவரிடமே விட்டேன். ஆனால் என் மானம் போய்விட்டது. அவருக்கென்று தேக்கில் வேறொன்று செய்யத் தொடங்கினேன். அதில் ஒரு கணக்கும் இருந்தது. பஜாரில் ஒருவன் ரெடிமேட் ப்ளைவுட் பெட்டி விற்று என் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தான். டீச்சர் போகும் நாளில் அவரிடம் படித்த அத்தனை பேரும் கூடுவார்கள். அன்றைக்கு என் தேக்குப் பெட்டி தெருவில் வந்தால் அவன் கடையைச் சாத்த வேண்டியதுதான். பித்தளைக் கைப்பிடி, எறும்பு நுழையாத மூடி. பட்டறையிலேயே பூட்டி வைத்தேன். அரிசிக்கு நான் ஆளில்லை.

2. ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் ஷிஃப்ட் முடிந்து ஆள் மேலே வந்த பிறகுதான் அடக்கம். இப்போது பெங்களூரில் லீவு கிடைத்தால்தான் அடக்கம். வாரத்தின் நடுவில் செத்தவர் ஞாயிறு வரை ஐஸ் பெட்டியில் காத்திருக்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் டீச்சர் காய்ச்சலில் படுத்தார். சோறு இறங்கவில்லை. டாக்டர் கையை விரித்தார். பெங்களூரில் மேனேஜராக இருக்கும் அவருடைய பழைய மாணவன் எனக்கு போன் செய்தான்.

"அண்ணே, சண்டே எல்லாரும் வந்துடறோம். பெட்டி, பேண்டு எல்லாம் சொல்லிடுங்க."

"இன்னும் சாகலியேப்பா!"

"அதுக்குள்ள ஆயிடும்ணே."

ஞாயிறு காலை பாலிஷ் போட்ட பெட்டியை டெம்போவில் ஏற்றிப் போனேன். வாசலில் ஒரே கூட்டம், மலர்வளையம், பேண்டு. உள்ளே டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, கூட்டமா வந்துகீறீங்க?"

மேனேஜர் மலர்வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "சும்மா, உங்களப் பாத்துட்டுப் போலாம்னு டீச்சர்."

"பேண்டோடயா?"

டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"யாக்கோபு, பின் வூட்டு சாமுவேலு காத்தால போயிட்டான், தெரியுமா?"

தெரியும். என்னோடு மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவன். சுரங்கத்தில் கால் நொறுங்கி, பெண்டாட்டி பிள்ளை இல்லாமல் ஒண்டியாகக் கிடந்தவன்.

"சாயந்தரத்துக்குள்ள ஒரு பெட்டி அடிச்சிட்றேன் டீச்சர்."

"வாசல்ல கீறது இன்னா?"

"அது தேக்கு டீச்சர்! உங்களுக்கு!"

"நான்தான் கஞ்சி குடிச்சிக்கினு கீறனே."

கூட்டத்தில் ப்ளைவுட்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் டீச்சர் பக்கம் குனிந்து குரலை இறக்கினேன். "சாமுவேலு யாருன்னே இவங்களுக்குத் தெரியாது டீச்சர்."

"அதுக்குத்தான்டா சொல்றேன். ஆளு வந்துகீது, பூ வந்துகீது, பேண்டு வந்துகீது. டிக்கெட் எடுத்து வந்தவங்கள சும்மாவா அனுப்பறது?"

பெட்டியை நானே இறக்கினேன்.

நாலு பேர்கூடத் தேறியிருக்காத சாமுவேலின் அடக்கத்துக்குத் தெருவே கொள்ளாத கூட்டம். பெங்களூரிலிருந்து வந்த ஆபீசர்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தார்கள். டீச்சர் ஆட்டோவில் பின்னால் வந்தார். எல்லாக் கண்ணும் ஆட்டோ மேல்தான். என் பித்தளைக் கைப்பிடியை ஒரு ஜீவன் பார்க்கவில்லை.

கல்லறைத் தோட்டத்து வாசலில் மேனேஜர் தலையைச் சொறிந்தான். "டீச்சர், அடுத்து எப்ப வரட்டும்?"

"எந்த ஞாயித்துக்கிழமையும் வா. கேக்க நாதியில்லாத பொணம் எதுனா இருந்தா தூக்கு. இல்லாட்டி நான் உயிரோட கீறேன், என்னப் பாரு."

அன்றிலிருந்து வருகிறார்கள். இந்த ஊரில் இப்போது அநாதைப் பிணம் என்று ஒன்று கிடையாது. டீச்சருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பெட்டிக்கு மதிப்பு பலகையால் வருவதில்லை, பின்னால் நடக்கும் கால்களால் வருகிறது. இதைச் சொல்ல எனக்கே கசக்கிறது. ஏனென்றால் அது முதல்தரத் தேக்கு.