நெஞ்சில் பிடித்த ரேஷன் கார்டு

பாலக்காட்டில் நடந்த அந்த ஓவியக் கண்காட்சிக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. நான் வேலை பார்க்கும் துணிக்கடைக்கு எதிரில்தான் கூடம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசல் போஸ்டரில் ஓவியரின் முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து உள்ளே போனேன். இரண்டு வருடத்துக்கு முன், சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கேமராவோடு வந்தவர் அவர்.

லயத்தில் கேமராவைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்தக் கணக்கெடுப்புக்கு வந்தாலும் வாசலில் நிறுத்தி, ரேஷன் கார்டை நெஞ்சோடு பிடிக்கச் சொல்லித்தான் படம் எடுப்பார்கள். அன்றும் காய் பறித்துவிட்டு வந்த பெண்கள், இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஓடிப்போய்க் கார்டோடு வந்து நின்றார்கள். அம்மாதான் முதல் ஆள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்கு அவளுக்கு இரண்டே வருடம் இருந்தது.

விடுமுறைக்குப் போயிருந்த நான்தான் அவரோடு மலையாளத்தில் பேசினேன். எந்த ஊர், எங்கே படித்தீர்கள், மலையில் குளிர் தாங்குகிறதா என்றெல்லாம் விசாரித்தேன். எதற்குப் படம் என்று மட்டும் கேட்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு படித்த பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "கவருமெண்டு வீட்டுக்குத்தானட்டி?" என்று அம்மா கேட்டபோது, "ஆமாம்மா, வேற எதுக்கு?" என்று நானே சொன்னேன்.

ஆறு மாதம் கழித்து, வீடில்லாதவர்களுக்கு வீடு தர பஞ்சாயத்தில் நிஜமாகவே விண்ணப்பம் வாங்கினார்கள். அம்மா போகவில்லை.

"நமக்குத்தான் போட்டோ புடிச்சிட்டுப் போயிட்டாகள்ல. வேலைய விட்டுட்டு அங்க எதுக்குப் போயி நிக்கணும்?" என்றாள் போனில். சரிதான் என்றேன். கடைசித் தேதி போய்விட்டது.

கூடத்தில் இருந்த படங்களெல்லாம் கறுப்பும் துருச்சிவப்பும். தலைக்குப் பதில் மரவேர் முளைத்த ஆண்கள், வாயே இல்லாத குழந்தைகள். கடைசிச் சுவரில், ஆள் உயரத்துக்கு அம்மா. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி. ஆனாலும் மூட்டை சுமந்து சுமந்து இறங்கிப்போன அந்த இடது தோளை எனக்குத் தெரியாதா? நெஞ்சோடு பிடித்திருந்த கார்டைக் கறுப்புக் கட்டமாக்கி வைத்திருந்தார். பக்கத்தில் நின்ற இருவரில் ஒருவர் அது கல்லறைக் கல் என்றார். எழுத்து மறுக்கப்பட்டவளின் சிலேட்டு என்றார் மற்றவர்.

"ரேஷன் கார்டு" என்றேன். நான் ஏதோ தமாஷ் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

ஓவியருக்கு என்னை நினைவிருந்தது. வீடு கிடைக்கும் என்று நம்பித்தான் லயத்துப் பெண்கள் படத்துக்கு நின்றார்கள் என்று சொன்னேன்.

"அது எனக்கு அன்றைக்கே தெரியும். அந்த ஏக்கம்தான் எனக்கு வேண்டியிருந்தது. விஷயத்தைச் சொல்லியிருந்தால் அந்த முகம் கிடைத்திருக்காதே" என்றார், மலையாளத்தில், கொஞ்சமும் கூசாமல்.

"அந்த முகத்தைத்தானே தோண்டி எடுத்துவிட்டீர்கள்" என்றேன். அதற்கு அவர் கொடுத்த விளக்கம் எதுவும் என் காதில் ஏறவில்லை.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நாசமாய்ப் போவான் என்றுகூடச் சொன்னேன். அடுத்த மாதம் அவளுக்கு ஓய்வு. அவளும் சேர்ந்து திட்டினால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. "அவர ஏன்ட்டி வையுற? அவரு வாயத் தொறந்து வீடுன்னு ஒரு வார்த்த சொல்லலையே. நீதான சொன்ன."