அத்தை விட்ட பக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மின்சார ரயிலில் தாம்பரம் வந்து இறங்கி, அத்தை எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் கையில் வசனம் எழுதிய ஒற்றைத் தாள் ஒன்று கசங்கிக் கிடந்தது. அவள் நடித்த மூன்று மணி நாடகத்தை ரேடியோவில் கேட்டுவிட்டு, அவள் வரவுக்காக வீடே காத்திருந்தது. "சூப்பர் அத்தை!" என்று நான் கத்தினேன். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "போதும்டி, மானம் போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. மானம் எந்த வழியாகப் போனது என்று எனக்கு விளங்கவே இல்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணம் வேண்டாமென்று எங்களோடேயே இருந்த பள்ளிக்கூட ஆசிரியை. கோயிலில் ஞாயிறுதோறும் பைபிளிலிருந்து வேத பாடம் வாசிப்பது அவள்தான். போதகர் பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூட அவள் வாசிக்கும்போது விழித்திருப்பார்கள். அந்தக் குரலைக் கேட்ட யாரோ சொல்லித்தான் வானொலி நாடகத்துக்குக் கூப்பிட்டார்கள். முப்பது வயதுகூட ஆகாதவளுக்கு எப்போதும் அம்மா வேஷம். சில நாடகங்களை அப்போது நேரடியாகவே ஒலிபரப்புவார்கள். நடிக்கிறவர்கள் ஒலிபரப்பு அறைக்குள் நிற்பதால், ஊரே கேட்கும் நாடகத்தை அவர்கள் மட்டும் கேட்க முடியாது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

நடந்தது என்னவென்று பல நாள் கழித்துத்தான் சொன்னாள். வசனத்தாள்களை அங்கே குத்திச் சேர்க்கமாட்டார்கள். புரட்டினால் மைக்கில் சத்தம் விழும் என்பதால், படித்து முடித்த தாளை ஒவ்வொன்றாகக் கம்பளத்தில் நழுவ விடவேண்டும். மின்விசிறியும் ஓடக்கூடாது. சித்திரை வெயிலில் கை வேர்த்து, இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகக் கீழே போய்விட்டன. கதைப்படி, இனி வீட்டுக்கு வரமாட்டேன் என்று மகன் எழுதிய கடிதத்தை அப்பா படித்து முடிக்கிறார். அம்மா ஒரு பக்கம் முழுக்கப் புலம்பி அழவேண்டும். அந்தப் புலம்பல்தான் காலடியில் கிடந்தது. கையில் இருந்தது அடுத்த பக்கம். "அரைமணி நேரம் வாயில கொழுக்கட்டைய வச்ச மாதிரி நின்னேன்டி" என்பாள். பிறகு கையில் இருந்ததைப் படித்துவிட்டு, நாடகம் முடிந்ததும் முடியாததுமாக யார் முகத்தையும் பார்க்காமல் ஓடிவந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு வானொலி நிலையத்திலிருந்து அழைப்பே வரவில்லை என்றாள். அத்தையை ஒதுக்கிவிட்டார்கள் என்று எங்கள் வீட்டில் அவர்களைத் திட்டாத நாளில்லை. கோயிலிலும் அவள் வாசிப்பதை நிறுத்திக்கொண்டாள். பள்ளி ஆண்டு விழாவில் மைக்கைக் கண்டால் பின்வரிசைக்குப் போய்விடுவாள். யாருக்கும் தப்பே தெரியவில்லை என்று நாங்கள் எத்தனையோ முறை சொன்னோம். "நீங்க என் வீட்டு ஜனங்க, வேற என்ன சொல்லுவீங்க?" என்று வாயை அடைத்துவிடுவாள். சரியான பிடிவாதக்காரி.

சிறுசேரி அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் மாமனார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் ரேடியோவிலிருந்து டேப்புக்கு ஒயர் கொடுத்து வாராவாரம் நாடகம் பதிவு செய்து வைத்திருக்கிறார் என்று அவள் பேச்சுவாக்கில் சொன்னாள். விசாரித்தால், அத்தையின் அந்த நாடகமும் அவரிடம் இருக்கிறது! கேட்கப் போகலாம் என்று அத்தையைக் கூப்பிட்டேன். அத்தையோ, "செத்த பாம்ப எதுக்குடி அடிக்கிற?" என்று மறுத்துவிட்டாள். வலது காது ஏற்கெனவே போய்விட்டது, இடதும் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தாள். "காது இருக்கறப்பவே கேட்டுத் தொலைச்சிடறேன். நான் கெடுத்தேனா இல்லையான்னு தெரியாம சாகக்கூடாது."

போன மாதம் ஊரப்பாக்கத்தில் அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போனோம். டேப்பையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். அத்தை இடது காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். இரைச்சலுக்கு நடுவிலிருந்து அவளுடைய இளமைக் குரல் கிளம்பி வந்தது. எண்பதை நெருங்குகிறவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இருபத்தொன்பது வயதுக்காரி ஸ்பீக்கரில் சிரித்தாள். அம்மாடி, அந்தக் குரல் எங்கேயும் போய்விடவில்லை! ஐம்பது வருஷமாக ஊரப்பாக்கத்து அலமாரி ஒன்றில் பத்திரமாக இருந்திருக்கிறது.

நாடகத்து அப்பா கடிதத்தைப் படித்து முடித்தார். அத்தை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. நான் திரையில் ஓடும் எண்களைப் பார்த்தேன். நான்கே விநாடிகள். பிறகு அந்த அம்மா நிதானமாகச் சொன்னாள்: "கை கழுவிட்டு வாங்க. சாப்பாடு ஆறுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை, புலம்பவில்லை. பெற்ற மகன் வரமாட்டான் என்று தெரிந்த வீட்டில் ஒரு பொம்பளை வேறு என்னதான் சொல்லமுடியும்? எப்பேர்ப்பட்ட எழுத்தாளனும் எழுதியிருக்கமுடியாத அந்த மௌனத்தை இரண்டு வேர்த்த விரல்கள் செய்திருந்தன.

பெரியவருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. "இந்த எடத்துக்காகத்தான் டீச்சர் இந்த டேப்ப நான் தூக்கிப் போடாம வச்சிகினு கீறேன்," என்றார். "எங்கம்மா செத்தப்ப எங்கப்பாவும் இப்பிடித்தான், ஒண்ணுமே பேசல. இன்னாமா எழுதிக்கீறான் பாருங்க!"

"எழுதலைங்க," என்றாள் அத்தை. நான்தான் தாள் ஒட்டிய கதையைச் சொன்னேன். யாரும் கேட்காமலே அவர் அந்த இடத்தை மறுபடி போட்டார். அத்தை மூன்று முறை கேட்டாள்.

"இப்பவாவது நம்புறியா?" என்றேன். "உன்னைப் போய் ஒதுக்கி வச்சாங்களே, அவங்களுக்குத்தான் காது இல்ல."

அத்தை காதிலிருந்த மெஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு நான் என்ன சொன்னாலும் கேட்காது.

"அவங்க ஒதுக்கலடி," என்றாள். "ரெண்டு தடவ லெட்டர் போட்டாங்க. ரெண்டையும் நான்தான் கிழிச்சு அடுப்புல போட்டேன். திட்டத்தான் எழுதியிருப்பாங்கன்னு நெனச்சேன். ரெண்டாவத கிழிக்கறப்பதான் கண்ணுல பட்டுச்சு, அடுத்த நாடகத்துக்குத் தேதி போட்டிருந்தாங்க. எனக்கு என்ன வேஷம்னுகூடப் பாக்கலடி."