உலை வைத்த வேளை

தாலுகா ஆபீசில் எனக்கு ஜனன மரண ஸீட் கொடுத்திருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஊர் மணியக்காரரும் ஒரு ரிட்டர்ன் அனுப்புவார். எத்தனை பிறப்பு, எத்தனை சாவு, சாவுக்குக் காரணம். பெயர்கள் இராது, எண்கள் மட்டும். அவற்றை ஊரின் ரெவினியூ நம்பர் வரிசையில் எழுதி, டோட்டல் போட்டு, சேலத்துக்கு அனுப்புவது என் வேலை. டோட்டல் சரியாக இருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அந்த ஆடியில் காவிரி வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்தது. அதற்கடுத்த வாரத்து ரிட்டர்ன்களில் சில ஊர்களில் சாவு கூடுதலாக இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் எல்லோரும் சுரம் என்றே எழுதியிருந்தார்கள். அந்த ஊர்கள் என் பேரேட்டில் வெவ்வேறு பக்கங்களில் கிடந்தன. தாலுகா டோட்டலில் அந்தச் சாவுகள் கரைந்துபோயின. நானும் கையெழுத்துக்கு வைத்துவிடத்தான் இருந்தேன்.

வெற்றிலைக் கட்டு

பரமத்தி வேலூர்ப் பக்கத்து மணியக்காரர் ஒருவர் அன்று ரிட்டர்னை நேரிலேயே கொண்டுவந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். வழக்கம்போல எனக்கு ஒரு வெற்றிலைக் கட்டு கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவருடைய ஊரிலும் சுரம்தான்.

"என்ன சுரமுங்க இது? போன வாரம் இல்லையே."

"சுரந்தானுங்க சாமி. எழுதிக்குங்க."

"வாந்திபேதியா?"

அவர் எழுந்து நின்றுவிட்டார். "அந்தப் பேரை எடுக்காதீங்க சாமி. பேரைச் சொன்னா ஊட்டுக்கே வந்துரும். அதுவுமில்லாம நீங்க அதை எழுதுனா சந்தையை நிறுத்திப் போடுவாங்க. கிணத்துல செவப்பு மருந்தைக் கொட்டுவாங்க. எங்க வெத்தலையை எவன் தொடுவான்?"

பேச்சுவாக்கில் ஒரு வெற்றிலையை எடுத்து நுனி கிள்ளியிருந்தேன். ஈரமாக இருந்தது.

"எந்தத் தண்ணியில நனைச்சுக் கட்டுனீங்க?"

"வாய்க்காத் தண்ணிதானுங்க. வேற ஏது?"

வெற்றிலையைக் கீழே வைத்தேன். என் மனைவி பிரசவத்துக்குப் போயிருந்த ஊர் அதே வாய்க்காலின் கடைசியில் இருந்தது. மாதம் நிறைந்திருந்தது. வண்டியில் ஏற்றி அழைத்துவர முடியாத நிலை.

பேரைச் சொல்லாமல் அவரிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்தேன். "சரிங்க, பேரே வேண்டாம். அவங்க படுத்ததுக்கும் போனதுக்கும் நடுவுல, அந்த ஊட்டுல எத்தனை வேளை உலை வெச்சாங்க?"

எண்ணிப் பார்க்க அவர் விரலை மடக்கவில்லை. "மொதல்ல போனவனுக்கு ஒரு வேளைங்க. அவன் பொண்டாட்டிக்கு அதுவும் இல்லைங்க. அடுப்பே பத்த வெக்கலை."

இதைச் சொன்னபோது அவர் குரலில் தயக்கமே இல்லை. உலையைப் பற்றிச் சொல்வதில் அவருக்குப் பயம் இருக்கவில்லை. சுரமென்றால் ஆள் பல நாள் கிடப்பான், உலையும் பல வேளை கொதிக்கும்; ஒரு வேளைக்குள் கொண்டுபோவது அவர் பேர் சொல்லாத அதுதான்.

வாய்க்கால் வரிசை

வாய்க்கால் ஊர்கள் அனைத்துக்கும் தலையாரிகள் மூலம் அதே ஒரு கேள்வியை அனுப்பினேன். மறுநாள் பதில் வந்துவிட்டது. நம்பர் வரிசையை விட்டுவிட்டு, ஒரு தாளில் நீளமாகக் கோடு இழுத்தேன். மேலே மதகு, கீழே கடைமடை. தண்ணீர் ஓடும் வரிசையில் ஊர்களை எழுதி, பக்கத்தில் சாவு விழுந்த நாளையும் உலை வேளையையும் குறித்தேன்.

சாவு மேலிருந்து கீழே வந்துகொண்டிருந்தது. ஓர் ஊரையும் அது தாண்டிக் குதிக்கவில்லை. கோட்டின் அடியில் ஒரே ஓர் ஊர் மட்டும் வெறுமையாக இருந்தது. அது என் மாமனார் ஊர்.

தாளைத் தாசில்தாரிடம் கொண்டுபோனேன். மதகை அடைக்க வேண்டும், ஹெல்த் இன்ஸ்பெக்டர் கடைமடையிலிருந்து தொடங்க வேண்டும் என்று குறிப்பும் எழுதியிருந்தேன். அவர் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"படம் போடச் சொல்லி உன்னை யாருய்யா கேட்டா? டோட்டலை அனுப்பு."

"டோட்டல்ல இது தெரியாது சார்."

தாளைத் திருப்பிப் பார்த்தார். "சாவே இல்லாத ஊருக்கு ஏன் முதல்ல போகணும்? இரு. இது உன் மாமனார் ஊருல்ல?"

"ஆமா சார்."

"உன் பொண்டாட்டிக்காகச் சர்க்கார் வண்டியைத் திருப்பச் சொல்றியா?"

"அவ அங்கதான் இருக்கா சார். ஆனா வாய்க்காலை நான் வெட்டலை. இதுவரைக்கும் அது வராத ஊர் அது ஒண்ணுதான். வந்ததுக்கப்புறம் போய் என்ன பண்றது?"

அவர் கோட்டின்மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினார். ஒன்று, ஒன்று, இல்லை, இரண்டு என்று உலைகளை முணுமுணுத்தார். மேலே கொடிக்கால் ஊர்களில் விரல் நின்றது.

"இந்த வெத்தலை எங்கிருந்துய்யா வருது?"

"அங்கிருந்துதான் சார். வாய்க்கால்ல நனைச்சுக் கட்டறாங்க."

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போய்த் துப்பினார். கூஜாத் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்கப் போனவர், கூஜாவைப் பார்த்துவிட்டு அப்படியே வைத்தார். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ரிட்டர்ன்

மதகு அடைபட்டது. இன்ஸ்பெக்டர் கடைமடையிலிருந்து கிணறு கிணறாக மேலே ஏறினார். சந்தை நின்றது. அந்த மணியக்காரர் பிறகு எனக்கு வெற்றிலை கொண்டுவரவில்லை, முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. அவர் நஷ்டம் உண்மையான நஷ்டம்.

எனக்கு ஊரிலிருந்து கடிதம் இல்லை. அந்த வாரம் முழுதும் தபால்காரர் ஆபீஸ் படியேறும்போதெல்லாம் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். கடைசியில் மாமனார் ஊர் ரிட்டர்ன் வந்தது. மரணம் ஒன்று. பெயர் இல்லை. காரணம், சுரம்.

விரலை அந்த வரியிலேயே நகர்த்தினேன். அடுத்த கட்டம், வாய்க்கால் ஊர்களின் ஃபாரங்களில் நான் கையால் கோடு போட்டு அனுப்பியிருந்த உலைக் கட்டம். அதில் எழுதியிருந்தது: "கணக்கில்லை. போன தையிலிருந்து படுக்கை."

யாரோ முதியவர். அவருக்காக நான் வருந்தவில்லை. மூச்சுவிட்டேன். அதன் பிறகுதான் மேல் வரியைப் பார்த்தேன். ஜனனம் ஒன்று, பெண். அந்தச் சிற்றூரில் அந்த வாரம் பிள்ளைப்பேற்றுக்கு இருந்தவள் என் மனைவி ஒருத்திதான்.

இப்போது ஆபீஸ்களில் புள்ளிவிவரம் எடுக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பயந்துபோயிருக்கிறவன் வாயைத் திறந்து சொல்லக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். வந்த பதிலை உங்கள் பேரேட்டு வரிசையில் வைக்காதீர்கள். நோய் எந்த வழியாக வருகிறதோ, அந்த வழியின் வரிசையில் வையுங்கள். மறு வருஷம் அச்சாகி வந்த ஃபாரத்திலும் உலைக் கட்டம் இல்லை. ரிட்டையராகும் வரை ஸ்கேலை வைத்து நானே கோடு போட்டுக்கொண்டேன்.